மூடிய முதுகு

போர்த்தோ நகரில் நவம்பர் மழை.
பூக்களின் தெரு என்று பெயர்; பூக்கடை ஒன்றுகூட இல்லை.
லெயோகாதியாவும் அவள் தம்பி பல்தசாரும்
ஒரே குடைக்குள் வந்தார்கள்,
இரண்டு நாற்காலிகளைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்தார்கள்.

நடுவே ஒரு பிஸ்கட் டப்பா.
பஞ்சை விலக்கினேன்:
வெள்ளியில் ஒரு முடிச்சு,
நாடாவைக் கட்டி அப்படியே உறையவிட்டதுபோல்.
சுற்றிலும் எலுமிச்சை நிறத்தில் பொடிக்கற்கள்.
மையத்தில் பாக்களவு ரோஜா நிறப் புஷ்பராகம்.
அதற்காகத்தான் ஆறு வருடமாகப்
பேச்சுவார்த்தை இல்லையாம்.

"மற்றதையெல்லாம் அவளே எடுத்துக்கொள்ளட்டும்" என்றான்.
"மற்றது எதற்கு எனக்கு" என்றாள்.

லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டேன்.
நகையைக் கேட்டால் நகை சொல்லும்,
ஒரே மூச்சில் சொல்லாது.

முதலில் வாய் திறந்தது ஊசி:
நான் பிறகு வந்தவள்,
பற்றவைத்த இடத்தில் ஈயத்தைப் பார்.
இந்த முடிச்சு ஒருகாலத்தில்
கறுப்பு வெல்வெட் நாடாவில், தொண்டைக்குழியில் கிடந்தது.
கழுத்துவரை பொத்தான் போடும் காலம் வந்தது.
மார்புக்கு இறங்கிவிட்டோம்.

அடியில் ரம்பம் பட்ட தழும்பு.
"இங்கே ஒரு தொங்கல் இருந்திருக்கும்."
"இருந்தது" என்றாள். "அப்பாவின் அத்தை அறுத்தெடுத்தாள்.
பாரிஸ் பத்திரிகை பார்த்து மோதிரம் செய்துகொண்டாள்,
பிளாட்டினம், ஓனிக்ஸ், எல்லாம் நேர்கோடு.
வளைவென்றாலே முகம் சுளித்த வருடங்கள்."
"எங்கே அது?"
"சீட்டாட்டத்தில்" என்றான்.
அன்று முதல்முறையாக
இருவரும் ஒரே மூலையைப் பார்த்தார்கள்.

மின்விளக்கை அணைத்து மெழுகுவர்த்தி ஏற்றினேன்.
பட்டைகள் குறைவு, இரண்டு கோணல்.
ஆனாலும் சுடர் அசைந்தபோது
கல்லுக்குள் யாரோ திரும்பிப் படுத்தார்கள்.
பிரேசில் ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று
இதை அரித்தெடுத்தவனுக்கு
எந்தக் கணக்கேட்டிலும் பெயர் இருக்காது.
அவனை வாங்கிய விலை ஒருவேளை இருக்கலாம்.

பின்பக்கம் வெள்ளிக் கிண்ணம், இறுக மூடியது.
ஓரத்தில் மயிரிழை விரிசல்.
தண்ணீர் புகுந்தால் இந்த வகைக் கற்களுக்குக்
கண்புரை விழுந்துவிடும்.
"திறந்தால்தான் விலை சொல்ல முடியும்" என்றேன்.
இருவரும் தலையாட்டினார்கள், ஒருவரை ஒருவர் பாராமல்.

விளிம்பை மெல்ல நெம்பினேன்.
கல் உள்ளங்கையில் விழுந்தது.

வெள்ளை.
வெள்ளைகூட இல்லை, குழாய்த் தண்ணீர்.

கிண்ணத்தின் அடியில்
ரோஜா நிற ஜிகினாத்தாள்.
இருநூறு வருடத் தாள் என்று சொல்ல ஆசைதான்.
இடுக்கியால் நீவி விரித்தேன்:
பாதி எழுத்து, ஒரு பூனையின் வால்.
சாக்லேட் உறை.

பல்தசார்தான் முதலில் சிரித்தான்.
அக்கா சிரிக்கவில்லை.
"அப்படியானால் பொய்யா?"

அசல் புஷ்பராகம்தான் என்றேன்.
அந்தக் காலத்தில் அடியில் தாள் வைத்துத்தான் கட்டுவார்கள்,
வாங்கியவளுக்கும் தெரிந்திருக்கும்.
முதல் தாள் கறுத்திருக்கும்,
யாரோ கையில் கிடைத்ததைக் கத்தரித்து வைத்திருக்கிறார்கள்.
நகவெட்டுக் கத்தரி; வளைவைப் பாருங்கள்.

அவள் கல்லை எடுத்து ஜன்னலிடம் நீட்டினாள்.
எதிர்வீட்டுச் சுவரின் நீல ஓடுகள்
அதற்குள் போய்க் கசங்கின.
"மூடிவிடுங்கள்" என்றாள்.
"எந்தத் தாள் வைத்து?"
பதில் சொல்லவில்லை. டப்பாவை விட்டுவிட்டுப் போனார்கள்.

மதிப்பீட்டுப் படிவத்தில் எடை எழுதிவிட்டேன்,
வேலைப்பாடு எழுதிவிட்டேன்,
பிற்காலத்து ஊசி, இழந்த தொங்கல் எல்லாம் எழுதியாயிற்று.
நிறம் என்றொரு கட்டம்
நான்கு நாளாகக் காலி.

நேற்று பல்தசார் தொலைபேசியில்:
"பச்சைத் தாள் வைத்தால் எப்படி இருக்கும்?"
உங்கள் அக்காவைக் கேளுங்கள் என்றேன்.
வெகுநேரம்
அவன் பக்கத்து மழை மட்டும் கேட்டது.